மலை தெரியும் வளைவில் எடுத்த படம்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அக்கா போன பிறகு அவள் பெண்ணையும் என் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துக்கொண்டு, வளர்த்து, கல்யாணமும் பண்ணிக் கொடுத்தேன். மூன்று பெண்களும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை. இது என் ரெண்டு ஆண் பிள்ளைகளைப் பற்றியது.

நான் படித்தது மூணாங் கிளாஸ். அதற்கப்புறம் பஸ் போர்டும், கடையில் போண்டா மடிக்கக் கிழிக்கிற பேப்பரும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது. ஆகட்டும். அடுப்பு வேலையைப் பெரிய மருமகள் பார்த்துக்கொள்கிறாள், அவள் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறது. ஆனால் எனக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லச் சொல்கிறார்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கதை பின்னால் வரும்.

எங்கள் கடை கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு வருகிற ரோட்டில், பெரிய வளைவை ஒட்டி இருக்கிறது. இட்லி, போண்டா, டீ. அந்த வளைவுக்கு ஒரு குணம் உண்டு. அதுவரைக்கும் புளிய மரமும் மாந்தோப்பும் மறைத்துக்கொண்டே வரும். வண்டி திரும்பினதும் சட்டென்று மலை தெரியும், மலைமேல் கோயில் தெரியும். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வருகிறவன்கூட அந்த இடத்தில் எப்படியோ விழித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். மடியில் இருக்கிற கைக்குழந்தைக்குத் தாய்க்காரி அதன் கையைப் பிடித்துப் போட்டுவிடுவாள். டிரைவர்களும் அப்படித்தான். ஹாரனை ஒரு தட்டு, கன்னத்தில் ரெண்டு தட்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே இதைப் பழகிவிடும். இதில் தப்பு இருக்கிறதென்று யாரும் நினைத்ததில்லை.

என் மூத்தவன் டிப்பர் லாரி ஓட்டுகிறான். கல் உடைக்கிற கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு அந்த வளைவைத் தினமும் கடந்து போவான். ஹாரன் சத்தத்திலேயே எனக்கு அவன் வண்டி தெரியும். சின்னவன் போட்டோ எடுக்கிறவன். முதலில் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையானால் காமிராவைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போய் ரோட்டோரம் குந்திக்கொள்ள ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். பெரிய பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் விடியறதுக்கு முன்னால் மெட்ராஸை விட்டுக் கிளம்புவார்கள். எங்கேயும் வேலையாகப் போகவில்லை, ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறார்கள். சோளிங்கர் வரைக்கும் போய், திரும்பும்போது நம் வளைவு வழியாக வருவார்கள். இவன் ஒவ்வொருத்தரையும் ஓடுகிற ஓட்டத்திலேயே படம் பிடித்து, சாயங்காலம் போனில் போடுவான். பிடித்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. “தாலி கட்றத எடுத்தவன் இப்ப ரோட்டுல போறவன வர்றவன எடுக்கறான். நாளைக்கு எரும போனா அதையும் எடுப்பியா நைனா?” என்றேன்.

“எரும கேட்டு வாங்கிக்கினா எடுப்பம்மா,” என்றான்.

அப்படிப் படம் பிடித்துக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தர் என்னிடம் ஒட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், தாடியில் நரை. முகத்தை மூடாத தலைக்கவசத்தைக் கழற்றி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, “ஆயா, சர்க்கரை இல்லாம ஒரு டீ, போண்டா ரெண்டு” என்பார்.

“டீயில சர்க்கர வேணாம், போண்டா மட்டும் ரெண்டா? அது எந்த ஊரு பத்தியம்?”

“போண்டா மருந்து ஆயா. வீட்ல சொல்லிடாதீங்க.”

ஒரு நாள் அவர் போனை என் கண்ணுக்கு நேராக நீட்டினார். வளைவில் சாய்ந்துகொண்டு வருகிறார், முகத்தில் காலை வெயில், சிரிப்பு. எனக்கே அது அவரென்று தெரியவில்லை.

“நான்தான் ஆயா! ஆபீஸ்ல என்னை ‘சார், கொஞ்சம் நகருங்க’ன்னுதான் சொல்வாங்க. இதுல பாருங்க, நடுவுல நிக்கறேன். வண்டி ஓட்றவன் தான் ஓட்றதத் தானே பார்க்க முடியாது ஆயா. கண்ணாடியில பார்த்தா பின்னாடி வர்றவன்தான் தெரியறான். உங்க பையன் இல்லன்னா எனக்கே என்னைத் தெரியாது.”

அன்றைக்குத்தான் என் பிள்ளை செய்கிற வேலையின் மதிப்பு எனக்கு விளங்கியது. தாலி கட்டும்போது எடுக்கிற படத்தில் எல்லாரும் ‘இப்படி நில்லு, அப்படிப் பாரு’ என்று சொன்னபடி நிற்கிறார்கள். இவர்கள் ஓடுகிறபோது இவர்கள் எப்படியோ அப்படியே இருக்கிறார்கள். அதைப் பிடித்துக் கையில் கொடுப்பது சின்ன வேலையில்லை. ஊரில் யாராவது கேலி பேசினால் அதற்கப்புறம் நான் விட்டதில்லை.

ஆனால் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவர் கண் ரோட்டின்மேல் இல்லை. காமிராவின்மேல் இருந்தது. சின்னவனிடம் சொன்னேன். அவனுக்கும் அது தெரிந்தே இருந்தது. பையன்கள் படத்துக்காக வேகமாக வந்து சாய்கிறார்கள், ஒரு நாள் இல்லை ஒரு நாள் விழப்போகிறார்கள் என்று அவனும் பயந்துகொண்டிருந்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். வளைவுக்கு முன்னால் புளிய மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினான். துணியைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், மெதுவாக வருகிறவர்களைத்தான் எடுப்பேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டான். நல்ல எண்ணம்தான். அவர்களும் கேட்டார்கள். துணியைக் கண்டதும் வண்டியைத் தணித்து, இவன் பக்கம் திரும்பி, ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வேகம் குறைந்தது. எனக்கு மட்டும் பயம் போகவில்லை. காற்றில் அந்தத் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும்போதெல்லாம் கையில் இருக்கிற கரண்டி நின்றுவிடும்.

“அத வேற எடத்துல கட்டேன்டா.”

“காலை வெயிலு மூஞ்சில விழற எடம் இது ஒண்ணுதாம்மா. நீ சும்மா இரு.”

மூத்தவனுக்கு அந்தத் துணியே ஆகாது. ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு பேருக்கும் இதே பேச்சு.

“உன் ஆளுங்க மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி போறானுங்கடா. என்னிக்காவது பின்னாடி ஒருத்தன் ஜல்லி ஏத்திகினு வந்தா இன்னாடா ஆவும்? சட்டுனு புடிச்சா நிக்கற வண்டியா அது?”

“நீ மொதல்ல ஸ்டீரிங்கப் புடிண்ணா. மலையக் கண்டா கைய விட்டுடற.”

“டேய், அது சாமிடா. கைய விட்டா அது புடிச்சிக்கும்.”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

கிரஷர் லாரிகள் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அதனால்தான் அதுவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அது ஆடி மாசம். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற ஜனங்களின் வண்டிகளை நிறுத்த ஒரு வயலைச் சமப்படுத்தி ஜல்லி போட்டார்கள். சாமி காரியம், லீவு பார்க்காதே என்று சொன்னதும் மூத்தவன் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மோட்டார் சைக்கிள் கூட்டம் வழக்கமான நேரத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாக வளைந்து வந்து கடை முன்னால் நிறுத்தினார்கள். தாடிக்காரர் மட்டும் வரவில்லை. அவர் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். கூட்டத்தோடு வந்தால் படத்தில் தான் யாரென்று தெரியாது என்று நாலு பேரை முன்னால் விட்டுத் தனியாக வருவார். அவருக்காக போண்டா மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டேன்.

ஹாரன் ஒரு தட்டுக் கேட்டது. என் மூத்தவன் வண்டி. பழக்க தோஷம், மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானும் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதனால் நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். பெரிய சத்தம்கூட இல்லை. அதற்கப்புறம் ஜல்லி சரிகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஓடுவதற்குள் தலைக்கவசம் போட்டவர்கள் என் பிள்ளையை லாரியிலிருந்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைத் தடுக்கக்கூடத் தூக்கவில்லை. தாடிக்காரர் லாரிக்கு அடியில் இல்லை, தள்ளி, மாந்தோப்பு வேலி ஓரம் தூங்குகிறவர் மாதிரி கிடந்தார். சின்னவன் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். கழனியிலிருந்து நம் ஆட்கள் கட்டையோடு வந்தார்கள். ஆம்புலன்ஸும் போலீஸும் வந்திராவிட்டால் அன்றைக்கு இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ.

அவரை முதலில் அரக்கோணம், அப்புறம் மெட்ராஸ் என்று கொண்டுபோனார்கள். ரெண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்து போய்விட்டார்.

மூத்தவன் ஜாமீனில் வீட்டுக்கு வந்தான். கன்னம் வீங்கி, ஒரு கண் திறக்கவில்லை. “அந்த ஆளு சட்டுனு வண்டியத் தணிச்சிட்டாரும்மா. நான் ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்க இறுக்கிப் புடிச்சிகினு பிரேக்கு மேலயே ஏறி நின்னேன். இதுக்கு மேல நான் இன்னா பண்ணுவேன்?” கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னான். அவன் பொய் பேசுகிற பிள்ளை இல்லை. ஊரும் அவன் பக்கம் நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “உன் சின்னவன் காமிராவோட அங்கதான இருந்தான்? அதுல எல்லாம் இருக்கும். நீ ஏன் கவலப்படற?”

மூத்தவனும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். “தம்பி, அதுல தெரியுமில்ல?” என்று கேட்டான்.

சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்த நேரம் எடுக்கலண்ணா” என்றான். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் சோறு தின்னவில்லை. காமிராவைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தான். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், “எடுத்துகினு வா” என்றேன். எதை என்று அவன் கேட்கவில்லை.

காமிராவின் சின்னக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினான். முதல் படத்தில் தாடிக்காரர் தூரத்தில் வருகிறார், பின்னால் புளிய மரம். அடுத்ததில் மரத்துக்கு இந்தப் பக்கம் லாரி மூக்கு. அடுத்ததில் அவர் வண்டியைத் தணிக்கிறார், லாரி பெரிசாகிவிட்டது. அதற்கப்புறம் கையை நிறுத்திவிட்டான்.

“தள்ளு.”

“வேணாம்மா.”

“தள்ளுடா.”

அவர் எங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். இடது கையில் ரெண்டு விரல் தூக்கியிருக்கிறது. அவர் தோளுக்கு மேல், லாரிக் கண்ணாடிக்குப் பின்னால், என் மூத்த பிள்ளை. ரெண்டு கையும் கன்னத்தில். கண் மலைமேல். முகம் சின்ன வயசில் சாமி கும்பிடும்போது இருக்குமே, அப்படித் தெளிந்து இருக்கிறது. அந்தப் படத்தில் ரோட்டைப் பார்க்கிறவர்கள் யாருமே இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை என்று அப்போதும் எனக்குத் தெரியும். பிரேக்மேல் ஏறி நின்றது அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தின நொடி கை எங்கே இருந்தது என்பது நினைவில் இல்லை. மூச்சு விட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

“அழிச்சிடட்டுமாம்மா?” என்றான் சின்னவன். அவன் விரல் பொத்தான்மேல் இருந்தது.

“இரு,” என்றேன். காமிரா திரும்பவும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. அந்த நாட்களில் அரிசி எடுக்கக் கையை விடும்போதெல்லாம் பாம்பு இருக்கிற பொந்தில் கை விடுகிற மாதிரி இருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தாடிக்காரரின் சம்சாரம் வந்தது. ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறது என்று மருமகள் உள்ளே ஓடிவிட்டாள். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டது, குடித்தது.

“ஃபோட்டோ எடுக்கறவர் உங்க பையனாம்மா?”

“ஆங்.”

“அவர் ஃபோன்ல பழைய படமெல்லாம் பார்த்தேன். வீட்ல அவர் சிரிச்சு நான் பார்த்ததே கம்மி. எங்கயோ வேற யார்கிட்டயோ சிரிக்கறார்னு நினைச்சு நான் அழுதிருக்கேன். பார்த்தா இங்க, இந்த ரோட்ல சிரிச்சிருக்கார்.” வளைவுப் பக்கம் திரும்பிக்கொண்டது. “கடைசி ஞாயித்துக்கிழமை படம் மட்டும் வரலை. இருந்தா குடுங்க. வேற எதுவும் கேட்க வரலை.”

சின்னவன் என்னைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். “மூஞ்ச மட்டும் வெட்டிக் குடுத்துடறம்மா. பின்னாடி இருக்கறது தெரியாது. அவங்களுக்கும் படம் ஆச்சு, அண்ணனுக்கும் ஒண்ணும் இல்ல.”

நல்ல யோசனைதான். வாய்வரைக்கும் ‘சரி’ வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் இத்தனை வருஷம் புருஷனைப் பாதிதான் பார்த்திருக்கிறது. மறுபடியும் பாதியை வெட்டிக் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அஞ்சு பேருக்குச் சோறு போட்டு நிமிர்ந்து நடந்தவள் நான். வெட்டின படத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் முகத்தைப் பார்த்து டீ குடிச்சிட்டுப் போம்மா என்று எப்படிச் சொல்வேன்?

“முழுசா குடு,” என்றேன்.

“அண்ணன்?”

“அவனுக்கும் ஒண்ணு குடு.”

அந்தப் பெண் தன் போனில் வந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தது. புருஷன் முகத்தை விரலால் தடவியது. அப்புறம் விரல் மேலே போனது. “பின்னாடி சாமி கும்பிடறது யாரு?”

“என் மூத்த புள்ள.”

அது என்னைப் பார்த்தது. நானும் தலையைக் குனியவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. அழவில்லை, சபிக்கவில்லை. சபித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் மூத்தவன் தன் போனில் அந்தப் படத்தைப் பார்த்தான். “கை ரெண்டும் மேல கீதே,” என்றான், வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி. அதன்பிறகு என்னிடமும் தம்பியிடமும் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. லாரியைத் தொடவில்லை, கூலி வேலைக்குப் போகிறான். திருத்தணிக்குப் போக வேண்டுமென்றால் வளைவுப் பக்கம் வராமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறான். சின்னவன் மறுபடியும் காதுகுத்துக்கே போய்விட்டான். கண்டிகை தாண்டி வேறு யாரோ இப்போது ரோட்டோரம் காமிராவோடு குந்துகிறானாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் வந்தால் நான் அடுப்பைத் தணித்துவிட்டு, அது கடந்து போகிறவரைக்கும் காத்திருக்கிறேன்.

இப்போது கோர்ட்டில் கூப்பிடப்போகிறார்கள். அந்தப் பெண் கொடுத்த படம் அங்கே இருக்கிறது. எங்கள் வக்கீல் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அது கம்ப்யூட்டரில் ஒட்டிச் செய்த படம் என்று சின்னவன் சொல்ல வேண்டுமாம். தாடிக்காரர் நடுரோட்டில் வண்டியை நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேண்டுமாம்.

“படத்தப் பத்திக் கேட்டா, கண்ணு மங்கல், எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடுங்க பாட்டி. உங்கள யாரும் துருவ மாட்டாங்க,” என்றார்.

“நான் மூணாங் கிளாஸ்,” என்றேன்.

அவர் சிரித்தார். மூத்தவன் சிரிக்கவில்லை. சின்னவன் “அண்ணன் இன்னா சொல்லுதோ அதத்தான் நான் சொல்லுவேன்” என்கிறான். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். அவன் ஜெயிலுக்குப் போனால் இந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று மருமகள் என்னை ஜாடையாகக் கேட்கிறாள். நியாயமான கேள்வி. நான் பார்க்காததைப் பார்த்தேன் என்றும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லி என் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்துக்கொண்ட பிள்ளை என் முகத்தைப் பார்ப்பானா? இப்போதே பார்க்கவில்லை.

அதனால் எழுதினேன். மற்றவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுப்பது மண்டையில் ஏறுவதற்கு முன்னால், நடந்தது நடந்தபடி என் கையால் இருக்கட்டும்.

இந்தாடி கண்ணு, இங்க வா. புஸ்தகத்த மூடி வை. ஆயா எழுதினத ஒரு தரம் படிச்சிக் காட்டு. உங்கப்பன் வாசப்படியில உட்கார்ந்துகினு கீறான், எழுந்து போகல. அவன் காதுல விழற மாதிரி படி. எழுத்து புரியலன்னா நிறுத்தி என்னைக் கேளு. கன்னத்துல கை வர்ற எடத்துல குரல எறக்காத. ஆங், மொதல்ல இருந்து படி.